முன்னோர் செய்த பாவம்: தொடக்ககால அமெரிக்க நாவலாசிரியர்களும் வரலாறும்

ஒருவர் செய்த பாவத்துக்கு அவருடைய வழித்தோன்றல்கள் பொறுப்பாவார்களா என்பது சமயச் சிந்தனையில் தீராமல் தொடர்ந்து வரும் வினாக்களுள் ஒன்று. வினையின் பயன் செய்தவனையே சேரும், பிறவி மாறினாலும் ஆள் மாறாது என்ற கொள்கையில் வளர்ந்தவர்களுக்கு, ஒருவன் செய்ததன் பழி இன்னொருவன் மேல் இறங்குவது நெருடலாகவே தோன்றும். ஆயினும் பெற்றவர்கள் செய்த பாவம் பிள்ளைகள் தலையில் விடிந்தது என்று சொல்லும் வழக்கும் தமிழில் உண்டு. விவிலியமும் இவ்விரு நிலைகளையும் தனக்குள் வைத்திருக்கிறது. பத்துக் கட்டளைகளைக் கூறும் யாத்திராகமத்தின் 20ஆம் அதிகாரம், தந்தையரின் குற்றம் மூன்று நான்கு தலைமுறைவரை கணக்கில் வைக்கப்படும் என எச்சரிக்கிறது. எசேக்கியேலின் 18ஆம் அதிகாரமோ, தகப்பனின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை, பாவம் செய்தவரே அதற்கு விடை சொல்ல வேண்டும் என்று வாதிடுகிறது. நெகேமியாவின் 9ஆம் அதிகாரத்தில், சிறையிருப்பிலிருந்து மீண்ட மக்கள் தங்கள் பாவங்களோடு முன்னோரின் பாவங்களையும் சேர்த்து அறிக்கையிடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில், இந்த வினா பிரசங்க பீடத்திலிருந்து இறங்கி நாவலுக்குள் குடிபுகுந்தது. அங்கு எழுதிய தொடக்ககால நாவலாசிரியர்கள் வரலாற்றைக் கையாண்ட விதத்தைக் கதைப்பொருள் தேடல் என்று மட்டும் பார்ப்பது போதாது; இறையியல் கைவிட்ட ஒரு வழக்கை அவர்கள் ஆவணங்களைக் கொண்டு மறுபடி விசாரித்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

1630இல் ஜான் விந்த்ராப் தலைமையில் மாசசூசெட்ஸ் விரிகுடாவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சியிருந்த கத்தோலிக்க வழக்கங்களை நீக்கி அதைத் தூய்மைப்படுத்த விரும்பிய சீர்திருத்தவாதிகள். ஜான் கால்வினின் இறையியலே அவர்களுக்கு அடிப்படை. ஆதாமின் வீழ்ச்சியால் வந்த குற்றம் மனிதகுலம் முழுவதன் பேரிலும் எழுதப்பட்டுவிட்டது என்பது அதன் முதற்படி. இதையே ஜென்மபாவம் என்பர். இன்னார் மீட்கப்படுவார், இன்னார் கைவிடப்படுவார் என்பதைக் கடவுள் உலகம் உண்டாகுமுன்பே தீர்மானித்துவிட்டார் என்பது முன்குறித்தல். இவற்றோடு உடன்படிக்கை என்ற கருத்தும் சேர்ந்துகொண்டது: சமுதாயம் முழுவதும் கடவுளோடு ஓர் ஒப்பந்தத்தில் நிற்கிறது, ஆகவே ஒருவர் மீறினால் ஊரே தண்டனைக்கு உள்ளாகும். வறட்சியோ போரோ கொள்ளைநோயோ வந்தபோது, உண்ணாநோன்பு நாள் அறிவித்து ஊர் கூடிப் பாவ அறிக்கை செய்தது இதனால்தான். வரலாறு எழுதுவதும் இங்கே வழிபாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. நடந்தவை ஒவ்வொன்றிலும் கடவுளின் பராமரிப்பை எடுத்துக்காட்டுவதே, காட்டன் மேதர் 1702இல் வெளியிட்ட ‘மக்னாலியா கிறிஸ்டி அமெரிக்கானா’ போன்ற பெருநூல்களின் நோக்கம்.

அடுத்த நூற்றாண்டில் இந்த இறையியலின் அடித்தளம் ஆட்டம் கண்டது. 1819இல் வில்லியம் எல்லரி சானிங் பால்டிமோரில் ஆற்றிய பிரசங்கம், யூனிடேரியன்கள் என அழைக்கப்பட்டவர்களின் நிலைப்பாட்டைத் தெளிவாக அறிவித்தது. திரித்துவத்தை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்று கொண்ட இவர்கள், குற்றவாளியாகவே பிறக்கவைத்து அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கும் கடவுளை நீதியுள்ளவர் என்று எப்படிச் சொல்வது எனக் கேட்டார்கள். பாஸ்டனின் படித்த வர்க்கத்தில் பெரும்பகுதி இவர்கள் பக்கம் சாய்ந்தது. காதரின் மரியா செட்ஜ்விக் 1821இல் கால்வினிய சபையை விட்டு யூனிடேரியன் ஆனார். அடுத்த ஆண்டே அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. இன்னொரு நாவலாசிரியரான லிடியா மரியா சைல்டின் அண்ணன் கான்வர்ஸ் பிரான்சிஸ் யூனிடேரியன் போதகர். அதே ஆண்டுகளில்தான் வால்டர் ஸ்காட்டின் வரலாற்று நாவல்கள் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் விரும்பிப் படிக்கப்பட்டன; ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1821இல் விடுதலைப் போரை வைத்து ‘தி ஸ்பை’ நாவலை எழுதி, அமெரிக்க மண்ணின் கடந்த காலமும் கதைக்கு உதவும் என்று காட்டினார். ஆதாமின் குற்றத்தைப் பிரசங்கத்திலிருந்து நீக்கியாயிற்று. ஆனால் மேதரின் நூல்களும் விந்த்ராப்பின் நாட்குறிப்பும் நீதிமன்றப் பதிவுகளும் நூலகங்களில் இருக்கவே செய்தன. ஆதாமைப் போலக் காலத்துக்கு அப்பால் நிற்காத, பெயரும் தேதியும் முகவரியும் உள்ள முன்னோரின் குற்றங்கள் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. அவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்குப் புதிய தாராளவாத இறையியலிடம் பதில் இல்லை.

இத்தகைய கேள்வியை எடுத்துக்கொள்ள நாவலுக்கு என்ன உரிமை என்பதை முன்கூட்டியே யோசித்தவர், ஒரு தலைமுறை முந்தியவரான, பிலடெல்பியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பமொன்றில் பிறந்த சார்லஸ் பிராக்டன் பிரவுன். 1800இல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில் அவர் வரலாற்றையும் ரொமான்ஸையும் வேறுபடுத்தினார். ரொமான்ஸ் என்பது அக்கால வழக்கில், கற்பனைக்குத் தாராளமாக இடம் தரும் நெடுங்கதை. நடந்ததைப் பார்த்துப் பதிவு செய்வது வரலாற்றாசிரியரின் வேலை, அதற்குக் காரணமான மனநோக்கங்களை ஊகித்து இணைப்பது கதாசிரியரின் வேலை என்று அவர் எல்லை வகுத்தார். ஆகவே ஒரு செயலின் உள்நோக்கத்தைச் சொல்ல முனையும் வரலாற்றாசிரியரும் அந்த அளவுக்குக் கதாசிரியராகிவிடுகிறார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய ‘வீலாண்ட்’ நாவல் இந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. நியூயார்க் மாநிலத்தின் டோம்ஹானக் என்ற ஊரில் 1781இல் ஒருவர், கடவுள் கட்டளையிட்டதாக நம்பித் தம் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் கொன்றார். 1796இல் ஒரு பத்திரிகை அச்செய்தியை வெளியிட்டது. நடந்தது என்ன என்பதில் ஐயமில்லை. அவர் கேட்ட குரல் எது என்பதை எந்தப் பதிவும் சொல்லாது. பிரவுனின் நாவல் அந்தக் குரலைச் சுற்றியே உழல்கிறது: ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடத் துணிந்ததைப் போற்றும் சமயம், அதே துணிவைக் காட்டிய இன்னொருவரை எந்த அளவுகோலால் பித்தர் என்று விலக்கும்? சாட்சியம் எட்டாத உள்ளத்தைப் பற்றித் தீர்ப்பளிப்பது எப்படி என்ற இதே வினாவைப் பின்வந்தவர்கள் சேலம் வழக்குகளில் சந்தித்தார்கள்.

மாசசூசெட்ஸின் சேலத்தில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். விசாரணைக்கு உடன்பட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கற்பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். மேலும் சிலர் சிறையிலேயே இறந்தார்கள். மார்ச் 1 அன்று நடந்த முதல் விசாரணையின் பதிவு எஞ்சியிருக்கிறது. அதை நடத்திய இருவருள் ஒருவர் ஜான் ஹாதோர்ன். சாரா குட் என்ற ஏழைப் பெண்ணை நிறுத்தி அவர் கேட்ட முதல் கேள்வியே, எந்தத் தீய ஆவியோடு உனக்குப் பழக்கம் என்ற பொருளில் அமைந்தது. பழக்கம் உண்டா என்று அவர் கேட்கவில்லை. எதனோடும் இல்லை என்கிறார் அந்தப் பெண். அப்படியானால் இந்தப் பிள்ளைகளை ஏன் துன்புறுத்துகிறாய் என்ற பொருளில் வருகிறது இன்னொரு கேள்வி. மறுப்பைக் காதில் வாங்காமல், குற்றம் ஏற்கெனவே நிலைநாட்டப்பட்டதாக வைத்துக்கொண்டு மேலே மேலே செல்லும் அந்த விசாரணை முறையை இன்று வாசித்தாலும் மனம் பதறும். சாரா குட் அந்த ஆண்டு ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். தம்மைச் சூனியக்காரி என்று அழைத்த போதகர் நிக்கலஸ் நாய்ஸை நோக்கி, என் உயிரைப் பறித்தால் கடவுள் உமக்குக் குடிக்க இரத்தம் தருவார் என்று அவர் அந்தக் கடைசி வேளையில் சபித்ததாகச் செவிவழிச் செய்தி ஊரில் வழங்கிவந்தது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1697 ஜனவரி 14 அன்று, மாகாணம் அறிவித்த உண்ணாநோன்பு நாளில், அவ்வழக்குகளின் மற்றொரு நீதிபதியான சாமுவேல் சூவல் பாஸ்டன் ஆலயத்தில் தம் இருக்கையிலிருந்து எழுந்தார். பழியையும் வெட்கத்தையும் ஏற்றுக்கொண்டு அவர் எழுதிக் கொடுத்திருந்த தாளைப் போதகர் சபையின் முன் வாசித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டேயிருந்தார். ஜான் ஹாதோர்ன் அப்படி எந்தச் சபையிலும் எழுந்து நிற்கவில்லை. 1717இல் இறக்கும்வரை மதிப்புள்ள மனிதராகவே வாழ்ந்தார். அவர் சொல்லாமல் விட்ட அந்த அறிக்கையைச் சொல்ல வேண்டிய கடன் தமக்கு இருப்பதாக உணர்ந்தவர், அவரைப் பாட்டனாரின் பாட்டனாராகக் கொண்ட நத்தானியேல் ஹாதோர்ன்.

1804இல் சேலத்தில் பிறந்த நத்தானியேல், 1825இல் கல்லூரிப் படிப்பை முடித்துத் திரும்பியபின் பத்தாண்டுக்கு மேல் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்து, சேலம் அதீனியம் என்ற சந்தா நூலகத்திலிருந்து நூல்களை வரவழைத்து வாசித்துக்கொண்டிருந்தார். இரவல் பதிவேடு அழியாமல் கிடைத்திருப்பதால் அவர் படித்தவை இன்றும் தெரிகின்றன: மேதரின் நூல்கள், விந்த்ராப்பின் நாட்குறிப்பு, ஜோசப் ஃபெல்ட் 1827இல் வெளியிட்ட சேலம் வரலாறு, மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தின் ஆவணத் தொகுதிகள். அவற்றின் பக்கங்களில் அவர் தம் குடும்பத்தையே கண்டார். ஜானின் தந்தை வில்லியம் ஹாதோர்ன், குவேக்கர் பெண் ஒருவரைச் சாட்டையால் அடித்துத் தெருத்தெருவாக இழுத்துச் செல்ல ஆணையிட்ட நீதிபதி. குவேக்கர்கள் என்போர், ஒவ்வொருவர் உள்ளத்திலும் கடவுளின் ஒளி நேரடியாகப் பேசுகிறது என்று நம்பி, போதகரும் சடங்கும் தேவையில்லை என்றவர்கள். 1659க்கும் 1661க்கும் இடையில் அவர்களுள் நால்வர் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்கள். ஹாதோர்ன் 1832இல் வெளியிட்ட ‘தி ஜென்டில் பாய்’ சிறுகதை, அப்படித் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் குழந்தையை ஒரு பியூரிட்டன் குடும்பம் எடுத்து வளர்ப்பதையும், ஊர்ப்பிள்ளைகள் அந்தக் குழந்தையைக் கல்லாலும் தடியாலும் அடிப்பதையும் சொல்கிறது. வன்முறை பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் வழியை இவ்வளவு வேதனையோடு காட்டிய எழுத்து அந்நாட்டில் அதற்கு முன் இல்லை.

1850இல் வெளிவந்த ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலின் நீண்ட முன்னுரையில், ஹாதோர்ன் இவ்விரு முன்னோரையும் வெளிப்படையாகப் பேசுகிறார். அவர்கள் தங்கள் கொடுமைக்காக வருந்தினார்களோ என்னவோ, அவர்களின் வாரிசான எழுத்தாளர் அவர்களுக்காக வெட்கத்தைத் தம்மேல் ஏற்பதாகவும், அவர்கள் தேடிக்கொண்ட சாபம் ஏதேனும் இருந்தால் இன்றோடு அது நீங்க வேண்டும் என்றும் அங்கே வேண்டுகிறார். சூவல் ஆலயத்தில் செய்ததை ஒரு நாவலாசிரியர் நூலின் முகப்பில் செய்கிறார் என்றால், பாவ அறிக்கை இடம் மாறிவிட்டது என்பது தெளிவு. அதைவிட முக்கியமானது அவர் எதை ஏற்கிறார், எதை ஏற்கவில்லை என்பது. குற்றத்தை அவர் ஏற்கவில்லை, ஏற்கவும் முடியாது. செய்யாத ஒன்றுக்கு யாரும் குற்றவாளியாக முடியாது என்பதில் எசேக்கியேலும் சானிங்கும் ஒரு பக்கம். வெட்கமோ வேறு வகை. அது செய்த செயலைப் பொறுத்ததல்லாமல், ஒருவர் எந்தக் குலத்தையும் பெயரையும் தமதென்று சொல்லிக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது. முன்னோரின் பெருமையில் பங்கு கேட்பவர் அவர்களின் இழிவிலும் பங்கு கொள்ள வேண்டும். நெகேமியாவின் சபை செய்ததும் இதுவே. எசேக்கியேலோடு அது முரண்படவில்லை என்பதை இந்த வேறுபாட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஜென்மபாவக் கோட்பாடு குற்றத்தையும் வெட்கத்தையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. ஹாதோர்ன் அந்தக் கட்டை அவிழ்த்தார். அவருடைய தனிச்சிறப்பு அதில் இருக்கிறது.

எனினும் இறந்தவர்களுக்குத் தீர்ப்பளிப்பதில் ஓர் ஆபத்து உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். சேலம் வழக்குகளில் ஆவியுருச் சாட்சியம் என்ற ஒன்று ஏற்கப்பட்டது: குற்றம்சாட்டப்பட்டவர் வேறிடத்தில் இருந்தபோதும், அவருடைய உருவம் வந்து தம்மைக் கிள்ளியது, கடித்தது என்று ஒருவர் சொன்னால் அது சாட்சியமாகக் கொள்ளப்பட்டது. சாத்தான் நிரபராதியின் உருவத்தையும் எடுத்துவரக்கூடும் அல்லவா என்ற ஐயத்தைக் காட்டன் மேதரின் தந்தை இன்க்ரீஸ் மேதர் அந்த ஆண்டின் இறுதியில் வலுவாக எழுப்பியபின்பே வழக்குகள் தளர்ந்தன. 1835இல் வெளிவந்த ‘யங் குட்மேன் பிரவுன்’ கதையில், புதுமணமான இளைஞன் ஒருவன் இரவில் காட்டுக்குள் போகிறான்; வழித்துணையாக வரும் மர்ம மனிதன், உன் பாட்டன் குவேக்கர் பெண்ணைச் சாட்டையால் அடித்தபோது உதவியவன் நான்தான், உன் தந்தை செவ்விந்தியக் கிராமத்துக்குத் தீ வைக்கப் பந்தம் கொடுத்தவனும் நான்தான் என்கிறான். சொந்தக் குடும்பத்தின் செய்தியைக் கதாபாத்திரத்தின் தலையில் ஆசிரியர் இறக்கிவைக்கும் இடம் இது. மேலே செல்லச் செல்ல, ஊரின் பக்திமான்கள் எல்லாரும், இறுதியில் அவனுடைய மனைவியும், சாத்தானின் கூட்டத்தில் நிற்பதாக அவன் காண்கிறான்; மறுநாள் முதல் சாகும்வரை யாரையும் நம்பாதவனாகிறான்.

அவன் கண்டது கனவா நனவா என்பதைக் கதை சொல்ல மறுப்பதை அலங்காரம் என்று கருதுவது தவறு. அந்தக் கூட்டத்தில் அவன் பார்ப்பவர்களுள் மார்த்தா கேரியர் போன்றோர் 1692இல் உண்மையாகவே தூக்கிலிடப்பட்டவர்கள், உண்மையாகவே நிரபராதிகள். அவர்களைச் சூனியக்காரிகளாகக் காணும் கண்ணை வாசகர் எப்படி நம்புவது? உருவத்தை மட்டும் கண்டு உள்ளத்துக்குத் தீர்ப்பெழுதிய குட்மேன் பிரவுன், சேலம் நீதிபதிகள் செய்த அதே தவற்றைச் செய்கிறான் என்று திறனாய்வாளர் டேவிட் லெவின் 1962இல் எடுத்துக்காட்டினார். இதை இன்னும் ஓரடி நீட்டலாம். பழைய ஏடுகளில் மங்கலாகத் தெரியும் உருவங்களைப் பார்த்து, இவர்கள் வெறியர்கள், நயவஞ்சகர்கள் என்று முடிவு கட்டும் பிற்காலத்தவரும் ஆவியுருச் சாட்சியத்தை நம்புகிறவர்களே. பிராக்டன் பிரவுன் கதாசிரியருக்கு அளித்த ஊகிக்கும் உரிமைக்கு ஹாதோர்ன் இட்ட வேலி இது: ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தைத் தீர்ப்பாக்கக் கூடாது.

‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ வரலாற்றை எடுத்தாள்வதோடு அதை வேண்டுமென்றே மாற்றவும் செய்கிறது. கதை 1640களின் பாஸ்டனில் நடக்கிறது; விபசாரத்துக்கு அன்று சட்டம் விதித்தது மரண தண்டனை, 1644இல் ஓர் ஆணும் பெண்ணும் அதற்காகத் தூக்கிலிடப்பட்டும் இருக்கிறார்கள். உடையில் எழுத்தைத் தைத்துக்கொள்ளும் தண்டனையை மாசசூசெட்ஸ் சட்டமாக்கியது 1694இல்தான். ஐம்பதாண்டு பிந்திய தண்டனையை ஹாதோர்ன் முன்னிழுத்து வைத்ததற்குக் காரணம் புரிகிறது: தூக்குமேடை மனச்சாட்சிக்கு அவகாசம் தராது. எழுத்தைச் சுமக்கும் ஹெஸ்டர் பிரின்னும், தாம் சுமக்க வேண்டியதை மறைத்துக்கொள்ளும் போதகர் டிம்ஸ்டேலும் ஏழாண்டுகள் வாழ்ந்தாக வேண்டும். வெளியே தெரிந்த பாவம் ஒருவரை விடுவிப்பதையும் மறைந்த பாவம் மற்றவரை அரிப்பதையும் காட்ட அந்த ஆண்டுகள் தேவை.

முன்னோர் பாவம் பற்றிய அவருடைய முழு வாதம் 1851இல் வந்த ‘தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்’ நாவலில் இருக்கிறது. நல்ல ஊற்றுநீர் உள்ள ஒரு துண்டு நிலத்தில் மாத்யூ மால் என்ற எளியவர் காட்டைத் திருத்திக் குடிசை போட்டிருக்கிறார். செல்வாக்குள்ள கர்னல் பிஞ்சன் அந்த நிலத்தின்மேல் கண் வைக்கிறார். மால் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்படுகிறார். சாகும்போது அவர் இடும் சாபம், சாரா குட் இட்டதாகச் சொல்லப்படும் அதே இரத்தச் சாபம். அந்த இடத்தில் எழும் ஏழு முக்கோண முகடுகள் கொண்ட மாளிகையில், குடிபுகும் நாளன்றே கர்னல் தாடியில் இரத்தம் படிந்தபடி இறந்து கிடக்கிறார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்த வீட்டில் பிஞ்சன் குடும்பம் தேய்ந்துகொண்டே வாழ்கிறது. ஆதாமின் குற்றம் இரத்தத்தின் வழியே இறங்குவதாக இறையியல் சொன்னது. ஹாதோர்னின் நாவலில் அது சொத்தின் வழியே இறங்குகிறது. பறித்த நிலத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு தலைமுறையும், திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காத ஒவ்வொரு வாரிசும், அந்தப் பழைய குற்றத்தைத் தானே புதிதாகச் செய்வதாகிறது அல்லவா என்று கதைசொல்லி ஓரிடத்தில் யோசிக்கிறார். இது செய்யாத பாவத்தின் பழி இல்லை. செய்துகொண்டேயிருக்கும் பாவத்தின் பழி. முன்னோர் பாவம் என்ற புதிருக்கு இதைவிட நேர்மையான விடையை அந்த நூற்றாண்டின் இறையியலாளர்கள் யாரும் தரவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

அந்த விடைக்கும் ஓர் எல்லை இருப்பதை அதே நாவல் அறியாமலே காட்டிவிடுகிறது. கர்னலின் உருவப்படத்துக்குப் பின்னால் உள்ள மாடத்தில் ஒரு பழைய தோல் ஆவணம் ஒளிந்திருக்கிறது. செவ்விந்தியத் தலைவர்கள் தங்கள் குறிகளை இட்டுக் கிழக்கே பெரும் நிலப்பரப்பை எழுதிக் கொடுத்த பத்திரம் அது. கடைசியில் அது கண்டெடுக்கப்படும்போது, காலம் கடந்துபோன, பயனற்ற காகிதமாகிவிட்டது என்பதோடு கதை அதை விட்டுவிடுகிறது. மாலின் நிலம் பிஞ்சனுக்குப் போனதைப் பற்றி முந்நூறு பக்கம் கவலைப்பட்ட நாவல், அந்த நிலம் மாலுக்கு முன் யாருடையது என்று ஒரு வரியும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை நெருங்கியவர்கள் இரண்டு பெண்கள், அதுவும் ஹாதோர்னுக்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே. 1637 மே 26 அன்று கேப்டன் ஜான் மேசனின் படை, இன்றைய கனெடிகட் மாநிலத்தின் மிஸ்டிக் ஆற்றருகே மரவேலி சூழ்ந்த பீக்வாட் மக்களின் ஊரை விடியுமுன் சுற்றிவளைத்துத் தீ வைத்தது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் உட்படப் பல நூறு பேர் ஒரு மணி நேரத்துக்குள் மடிந்தார்கள். பியூரிட்டன் வரலாற்றாசிரியர்கள் அதைக் கடவுள் தந்த வெற்றியாகவும் அவருக்கு ஏற்ற பலியாகவும் எழுதிவைத்தார்கள். செட்ஜ்விக் 1827இல் ‘ஹோப் லெஸ்லி’ நாவலை எழுதியபோது அதே வரலாற்றாசிரியர்களின் நூல்களையே எடுத்துக்கொண்டார். ஆனால் நிகழ்ச்சியைச் சொல்லும் வாயை மாற்றினார். பீக்வாட் தலைவனின் மகள் மகாவிஸ்கா, எவரெல் என்ற ஆங்கிலேயச் சிறுவனிடம், எரியும் ஊருக்குள் இருந்து பார்த்தவளாக அதைச் சொல்கிறாள். வீரக்கதையாகப் பலமுறை கேட்டுப் பழகிய நிகழ்ச்சியை எவரெல் அன்றுதான் முதன்முறையாகக் கேட்பவன்போல் ஆகிறான். புதிய ஆவணம் ஒன்றும் தேவைப்படவில்லை. பராமரிப்பு என்ற உரையை நீக்கிவிட்டு அதே செய்தியை வாசித்தது போதுமானதாயிற்று. எரியும் ஊரைக் கண்டு கடவுளுக்கு நன்றி சொன்னவர்களின் சமயத்துக்கும், அந்தத் தீயில் வெந்தவர்களுக்கும் ஒரே கடவுள்தான் என்றால், அவரை யார் சரியாக அறிந்திருந்தார்கள் என்ற வினாவை அந்த அத்தியாயம் மிகுந்த துணிவோடு எழுப்புகிறது.

இருந்தும் நாவலின் முடிவில் மகாவிஸ்கா காட்டுக்குள் போய் மறைகிறாள், இரு இனங்களும் பகலும் இரவும் போலக் கலக்க முடியாதவை என்று சொல்லிவிட்டு. சைல்ட் தம் 22ஆம் வயதில், 1824இல், பெயர் போடாமல் வெளியிட்ட ‘ஹோபோமோக்’ நாவலிலும் இதுவே நடக்கிறது. மேரி கோனன்ட் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்து மகனையும் பெற்ற ஹோபோமோக், இறந்ததாகக் கருதப்பட்ட அவளுடைய பழைய காதலன் திரும்பியதும், தானாகவே விலகி மேற்கே போய்விடுகிறான். மகன் ஹார்வர்டில் படிக்கிறான், அவன் பெயரிலிருந்து தந்தையின் பெயர் மெல்ல உதிர்ந்துபோகிறது. 1830இல் ஆண்ட்ரூ ஜாக்சனின் அரசு செவ்விந்தியர்களை மிசிசிப்பிக்கு மேற்கே வெளியேற்றும் சட்டத்தைக் கொண்டுவந்த காலத்து இலக்கியம் இது. பாதிக்கப்பட்டவர் தாமே மன்னித்துவிட்டு, தாமே இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனால், வெட்கப்படுவதற்கு வாய்ப்பிருக்கும், திருப்பிக் கொடுக்க வேண்டிய தேவை இருக்காது. சைல்ட் அந்த வசதியில் தங்கிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1829இல் செவ்விந்தியர் வெளியேற்றத்தை எதிர்த்தும், 1833இல் அடிமைமுறையை உடனே ஒழிக்கக் கோரியும் நூல்கள் எழுதி, அதனால் வாசகர்களையும் வருமானத்தையும் இழந்தார். ஹாதோர்ன் நேர்மாறாக, 1852இல் தம் கல்லூரி நண்பர் பிராங்க்ளின் பியர்ஸ் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது எழுதிய வாழ்க்கை வரலாற்றில், அடிமைமுறை மனித முயற்சியால் தீரக்கூடியதல்ல, தெய்வப் பராமரிப்பு தனக்குரிய காலத்தில் அதை மறையச் செய்யும் என்ற கருத்தை முன்வைத்தார். எந்தப் பராமரிப்பின் பெயரால் பியூரிட்டன்கள் தங்கள் கொடுமைகளை நியாயப்படுத்தினார்களோ, எதை அவருடைய கதைகள் ஐயத்தோடு பார்த்தனவோ, அதனிடமே நிகழ்காலத்தின் பெரும்பாவத்தை ஒப்படைத்தார். இறந்தவர்களுக்காக வெட்கப்பட்ட மனம் உயிரோடு விலைக்கு விற்கப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் விஷயத்தில் இப்படி ஓய்ந்துபோனது, அவரை நேசித்து வாசிப்பவர்களுக்கு ஆறாத வேதனை.

நாவல்களில் காட்டுக்குள் மறைந்துவிட்ட பீக்வாட் மக்கள் உண்மையில் மறையவில்லை. கனெடிகட்டின் மஷன்டக்கெட்டில் 1666இல் ஒதுக்கப்பட்ட நிலத்தில், அந்நிலம் சுருங்கிச் சுருங்கி வந்தபோதும், அவர்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள். ‘ஹோப் லெஸ்லி’ வெளிவந்த இரண்டாம் ஆண்டில், பீக்வாட் வழிவந்தவரும் மெதடிஸ்ட் போதகருமான வில்லியம் ஏப்பஸ் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1836 ஜனவரியில், ஹாதோர்ன் ஒரு பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பேற்றுப் பாஸ்டனுக்கு வந்த அதே மாதத்தில், ஏப்பஸ் அந்நகரின் ஓடியன் அரங்கில், 1676இல் பியூரிட்டன்களோடு போரிட்டு மாண்ட மெட்டகாமைப் போற்றி உரையாற்றினார். கிங் பிலிப் என்று ஆங்கிலேயர்கள் அழைத்த தலைவர் அவர். மேதர்களும் மற்ற வரலாற்றாசிரியர்களும் எழுதியவற்றை ஏப்பஸும் கையில் வைத்திருந்தார். பிளிமத்தில் முதல் ஆங்கிலேயக் குடியேறிகள் கரையிறங்கியதாகக் கொண்டாடப்பட்ட டிசம்பர் 22ஐயும் ஜூலை 4ஐயும் தம் மக்கள் துக்க நாட்களாகக் கொள்ள வேண்டும் என்றார். ஆனால் தந்தையரின் குற்றங்களுக்கு இன்றிருப்பவர்கள் விடை சொல்ல வேண்டியதில்லை, அவற்றை ஒருவர்மேல் ஒருவர் சுமத்துவதும் முறையாகாது என்று, சாபத்தை அஞ்சிய ஹாதோர்ன் கேட்க ஏங்கியிருக்கக்கூடிய சொற்களை, அவற்றைச் சொல்லும் தகுதி உள்ள ஒருவராக அதே உரையில் சொன்னார். அவர் கேட்டது வேறு. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, கேப் காட் பகுதியில் உள்ள மாஷ்பீ என்ற செவ்விந்திய ஊரில், அம்மக்களின் காட்டு மரத்தை வெளியார் வெட்டி ஏற்றிய வண்டியை மறித்து இறக்கியதற்காக அவர் ஒரு மாதம் சிறையில் இருந்தார். ஊரின் ஆலயத்தைப் பிடித்துக்கொண்டிருந்த, ஹார்வர்ட் சம்பளம் கொடுத்து அனுப்பிய போதகரை வெளியேற்றவும், தங்கள் நிலத்தைத் தாங்களே நிர்வகிக்கவும் மாஷ்பீ மக்கள் எழுதிய மனுக்களில் அவருடைய கை இருந்தது. 1834 மார்ச்சில் மாசசூசெட்ஸ் சட்டமன்றம், அவ்வூரின்மேல் அரசு வைத்திருந்த மேற்பார்வையாளர்களை நீக்கி, ஊர் நிர்வாகத்தை மாஷ்பீ மக்களிடமே திரும்ப ஒப்படைத்தது.